தோலுக்கடியில் ஓர் உணரி

என் கணவருக்குச் சிறுவயதிலிருந்தே சர்க்கரை நோய். இன்சுலின் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. ஓர் ஆய்வில் சேர்ந்திருந்ததால், அவருடைய மேல்கையில் தோலுக்கடியில், சர்க்கரையை அளக்க, மாத்திரை அளவுக்கு ஓர் உணரி (சென்சர்) வைத்திருந்தார்கள். போரானிக் அமிலம் கலந்த சாயம் அதில் உண்டு. குளுக்கோஸ் வந்து ஒட்டினால் அந்தச் சாயம் ஒளிரும். கைமேல் ஒட்டிய சிறு கருவி அந்த ஒளியை அளந்து போனுக்கு அனுப்பும். அதே வகைச் சாயங்களை ஆய்வுக்கூடத்தில் தயாரிப்பது என் வேலை. அதனால் போன் காட்டும் எண்ணை நான் சந்தேகப்பட்டதே இல்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் சிராங்கூன் சாலையில் மழை விட்டதும் கிளம்பினோம். கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைவழியின் ஈரத் தரையில் அவர் வழுக்கி, தூணில் தலை மோதி விழுந்தார். எழுந்து, "ஒண்ணுமில்ல, வா போலாம்" என்றார். எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் போவதற்குள் பேச்சு குழறியது. ஆம்புலன்ஸில் கண்ணை மூடியவர், நான் கூப்பிட்டும் திறக்கவில்லை.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவும் வீக்கமும் இருப்பதாகச் சொன்னார்கள். அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடு நடந்தது. அதற்குள் வீக்கம் குறையக் கையில் டிரிப் ஏற்றினார்கள். தோ பாயோவிலிருந்து என் கொழுந்தன் ஓடி வந்தான். கணவரின் பையையும் போனையும் அவனிடம் கொடுத்துவிட்டு அவர் காலடியில் நின்றேன்.

சற்று நேரத்தில் போன் அலறியது.

"அண்ணி, பதினாறு காட்டுது!"

இங்குள்ள அளவில் நான்கிலிருந்து எட்டுக்குள் இருந்தால்தான் சரி. ஆனால் அடிபட்ட அதிர்ச்சியில் சர்க்கரை ஏறும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். எண் ஏறிக்கொண்டே போனது.

"பத்தொம்போது அண்ணி! நர்ஸ் யாரும் இந்தப் பக்கம் வரல. நானே போட்டுடறேன். அண்ணனுக்கு எத்தன தடவ போட்டிருக்கேன்."

திரும்பினேன். பையிலிருந்த இன்சுலின் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றியிருந்தான். போடட்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. அப்போது என் கண் டிரிப் பையில் எழுதியிருந்ததைப் படித்தது. மானிடால்.

ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குப் பெரிய தலைவலியே அதுதான். போரானிக் அமிலத்துக்குக் குளுக்கோஸ் மட்டும் என்று கணக்கில்லை. அதைப் போன்ற அமைப்புள்ள மானிடாலையும் பிடித்துக்கொண்டு ஒளிரும்.

அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "போடாத! அது சக்கர இல்ல. டிரிப்ல போற மருந்து."

"கருவி பொய் சொல்லுமா அண்ணி? நீங்கதான அத நம்பலாம்னு சொன்னீங்க?"

"இப்ப சொல்றேன்ல, போடாத!"

சத்தம் கேட்டுத் தாதி ஓடி வந்தார். தமிழ்ப் பெண். பேனாவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"என்ன பண்றீங்க? நாங்க குடுக்காம எதுவும் போடக்கூடாது லா!"

"விரல்ல குத்திப் பாருங்க, ப்ளீஸ். மானிடாலால இந்த சென்சர் தப்பா காட்டுதுன்னு நெனக்கிறேன்."

அவர் கணவரின் விரலில் குத்திச் சிறு மீட்டரில் ரத்தத்தைத் தொட்டார். நான் நினைத்தது தவறாக இருந்தால்? கொழுந்தன் என்னைப் பார்க்கவே இல்லை.

"ஐந்து புள்ளி எட்டு," என்றார் தாதி. "நார்மல்."

போன் இருபத்தொன்று காட்டியது.

அந்த ஊசி போயிருந்தால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கியிருக்கும். நினைவில்லாத மனிதருக்கு வியர்த்தாலும் நடுங்கினாலும் தலையடியால்தான் என்றே நினைத்திருப்போம். கொழுந்தன் பேனாவைத் தாதியிடம் கொடுத்துவிட்டு வெளி வராந்தாவில் போய் உட்கார்ந்தான். கணவரை அறுவைக்குத் தள்ளிக்கொண்டு போன பிறகு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கொன்னுருப்பேன் அண்ணி," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அவர் கண் திறந்தார். பேச்சு தெளிய மாதங்கள் ஆயின. இப்போது வேலைக்குப் போகிறார். அவர் பையில், எவர் திறந்தாலும் முதலில் படும்படி, மானிடால் பற்றி ஓர் அட்டை எழுதி வைத்திருக்கிறேன். கொழுந்தன்தான் அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தான்.