அணைந்துகொண்டே இருந்த கல்ஃப் அடுப்பு

என் மூத்த மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். கர்க்கடக மாதத்து மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஆறு பொங்கி நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் மூழ்கிக் கிடந்ததால், பேறு வீட்டில்தான் நடந்தது. பேறு பார்க்க வந்த மருத்துவச்சி குழந்தையைத் துணியில் சுற்றி என் பக்கத்தில் கிடத்தினாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. சொன்னதெல்லாம் என் மாமியாரிடம்தான்.

"கொச்சுக்க தேகத்துல சூடு விடப்படாது, கேட்டியளா. பால் உறிஞ்ச பெலன் வாறது வரைக்கும் சூடுதான் அதுக்கு உயிரு. சூடு போச்சுன்னா கொச்சும் போச்சு, ஆக்கும்."

குழந்தை அழவில்லை. மூச்சு விடும்போது தொண்டையில் மெல்லிய சத்தம் ஒன்று வரும், அவ்வளவுதான். பாதத்தைத் தொட்டால் மழையில் கிடந்த கூழாங்கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. அதை என் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு கிடந்தேன். எனக்கே நடுக்கம், இதில் நான் எங்கே சூடு கொடுப்பது? சிரட்டைக் கரியைச் சட்டியில் போட்டு மாமி கொண்டுவந்து வைத்தார். ஈரக்கரி. புகை எழும்பி குழந்தையின் உதடு கறுத்தது. மாமி சட்டியை அப்படியே முற்றத்து மழையில் எறிந்துவிட்டு வந்தார்.

அப்போதுதான் கல்ஃப் அடுப்பின் ஓர்மை வந்தது. என் வீட்டுக்காரர் முந்தைய லீவில் கொண்டுவந்த மண்ணெண்ணெய் ஹீட்டர் அது. அடியில் எண்ணெய்த் தொட்டி, நடுவில் வட்டமான திரி, மேலே இரும்புக் கூடு. அந்த நாட்டிலும் குளிர்காலம் உண்டு என்று சொன்னால் இங்கே யார் நம்புகிறார்கள்? "இஞ்ச மனுசன் வேர்த்து ஒழுகுதான், இவன் வெயிலைப் பெட்டியில அடைச்சுக் கொண்டு வந்திருக்கான்" என்று பாறசாலைச் சந்தை வரைக்கும் பேசிச் சிரித்தார்கள். அது பரணில் கிடந்தது. மாமி இறக்கித் துடைத்து, ரேஷன் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தார். நீலமாக எரிந்தது. அறை இளகியது. குழந்தையின் காது மடலில் சிவப்பு வந்ததை நான் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் சுடர் மஞ்சளானது. பிறகு புகைந்தது. பிறகு சுருங்கி, அணைந்தே போனது.

அந்த அடுப்பைப் பற்றித் தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்திலேயே இருந்தார். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன். அவருக்கும் கல்ஃபில்தான் வேலை; என் வீட்டுக்காரர் அங்கேயே இருக்க, இவர் லீவுக்கு வந்திருந்தார். மாமி கூப்பிட்டனுப்ப, மழையில் ஓடி வந்தார். ஆனால் பிள்ளை பெற்றுக் கிடக்கிற அறைக்குள் வாலாய்மை கழியாமல் ஆண்பிள்ளை காலெடுத்து வைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் அந்தத் தீட்டு அப்படி. உள்ளே இருக்கிற சாமானையும் அவர் தொடக் கூடாது. ஆகவே அவர் மூடிய கதவுக்கு அந்தப்புறம் நின்றார். நானோ அதுவரை அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. சுடர் எப்படி இருக்கிறது என்று நான் மாமியின் காதில் சொல்வேன், மாமி கதவைப் பார்த்துக் கத்துவார்.

"திரியில கரி கட்டியிருக்கும் பெரியம்ம. சுரண்டி, நுனியைச் சமமா வெட்டுங்க."

மாமி வெளியே போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்து வெட்டினார். எரிந்தது. மறுபடியும் மஞ்சள்.

"ரேஷன் எண்ணெயில வெள்ளம் கலந்திருக்கும். தெளிய வச்சு மேலால உள்ளதை மட்டும் ஊத்துங்க."

மாமி தொட்டியை அடுக்களைக்குக் கொண்டுபோனார். வடித்தபோது அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றதாம். எனக்கு நம்பிக்கை வந்தது. எரிந்தது, முன்னைவிட நன்றாகவே எரிந்தது. பிறகு மறுபடியும் மஞ்சள்.

"சரிஞ்சு இருக்கா பாருங்க. கூடு சரியா உக்காந்திருக்கா?"

மாமி அடியில் மரச்சில்லு வைத்தார், கூட்டைத் தூக்கித் திருப்பி வைத்தார், கையும் சுட்டுக்கொண்டார். இந்தத் தடவை சீக்கிரமே சுருங்கியது.

"எலே, நீ அங்க அடுப்பு பத்த வச்சவனா, இல்ல அடுத்தவன் பத்த வச்சதுல குளிர் காஞ்சவனா?"

"கோவப்படாதீங்க பெரியம்ம. கண்ணால பாக்காம நான் எப்படிச் சொல்ல?"

"பாக்கணுமோ? அப்ப சேலை கெட்டிட்டு வா!"

எனக்குத் தலை பிளந்தது. கண் இருண்டு இருண்டு வந்தது. பேறு கழிந்த அசதி என்று நினைத்தேன். மாமியும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். குழந்தையின் தொண்டைச் சத்தம் குறைந்துவிட்டது. நெஞ்சில் காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. சாமிகளின் பேரெல்லாம் கூப்பிட்டேன். செங்கல் ஊர்க் கோயிலுக்கு நேர்ந்தேன், அடுத்த வீட்டார் கும்பிடுகிற மாதாவுக்கும் நேர்ந்தேன்.

மாமிக்கு வெறி வந்துவிட்டது. மஞ்சளாகப் புகைந்துகொண்டிருந்த அடுப்பைப் பழந்துணி சுற்றிய கையால் தூக்கி, காலால் கதவைத் தள்ளித் திறந்து, "இந்தா, உனக்க அடுப்பு! நீயே கெட்டிப்பிடிச்சுக் கிட" என்று வாசற்படியில் வைத்தார்.

வைத்த இடத்தில் அது நீலமாக எரிந்தது.

கொழுந்தன் குனிந்து பார்த்தார். "இதுக்கு என்ன கேடு? நல்லாத்தானே எரியுது."

"என்னைப் பைத்தியக்காரி ஆக்குதியா நீ?"

மாமி அதை மறுபடியும் உள்ளே கொண்டுவந்து வைத்துக் கதவைச் சாத்தினார். சுடர் எங்கள் கண் முன்னாலேயே மஞ்சளாகிச் சரிந்தது. மஞ்சளாயிற்று என்று மாமி கத்தினார். வெளியே நின்ற கொழுந்தன் கதவை ஓங்கி அடித்தார்.

"பெரியம்ம, உள்ள சன்னல் திறந்திருக்கா?"

திறந்திருக்குமா? எங்கள் குடும்பம் தலைமுறையாய்ப் பிறத்தியார் பூமியில் ஓலைக் குடிலில் கிடந்தது. நிலச் சட்டம் வந்து குடியிருந்த மண் எங்களுக்கு ஆன பிறகு, கல்ஃப் பணத்தில் கட்டிய முதல் காங்கிரீட் அறை அது. ஓலைச் சுவர் வழியாக உள்ளே கேறின காற்றுதான் தன் இரண்டு பிள்ளைகளைப் பேற்று அறையிலேயே கொண்டுபோனது என்பது மாமியின் தீராத துக்கம். அதனால் நான் வலியெடுத்துப் படுத்ததுமே சன்னலைச் சாத்தி, மேலே இருந்த காற்று ஓட்டைகளில் சாக்கைத் திணித்து, கதவிடுக்கில் பழந்துணி சுருட்டி வைத்து, ஈ புகாமல் அடைத்திருந்தார். அதை அவரே கதவைப் பார்த்துக் கத்திச் சொன்னார்.

"மனுசருக்கு மாதிரி அடுப்புக்கும் மூச்சு வேணும். எண்ணெய் எடுக்கவும் கத்தரிக்கோல் எடுக்கவும் நீங்க கதவைத் திறந்தப்ப எல்லாம் அது பிழைச்சிருக்கு. சன்னலைத் திறங்க! இல்லேன்னா உள்ள கிடக்குத மூணு உசுருக்கும் ஆபத்து."

"காத்தைக் கேத்தவா? நான் ரெண்டைக் குழியில வச்சவளாக்கும்! இதையும் நானே கொல்லணுமா?" மாமி சன்னலுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார்.

அவரைத் தள்ளுகிற பெலன் எனக்கு ஏது? எழுந்து உட்காரவே முடியவில்லை. குழந்தையை இரண்டு கையிலும் ஏந்தி அவர் பக்கமாக நீட்டினேன். "மாமி, இதுக்க நெஞ்சில காதை வச்சுக் கேளுங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க, திறக்கவா வேண்டாமா" என்றேன். வெளியே நின்ற கொழுந்தனுக்கும் கேட்டிருக்கும், அவ்வளவு சத்தமாய்.

மாமி குனிந்து காதை வைத்தார். வைத்தபடியே இருந்தார். பிறகு எழுந்துபோய்ச் சாக்கைப் பிடுங்கினார், துணியை உதைத்து விலக்கினார், சன்னலின் ஒரு கதவைத் திறந்தார். சாரல் உள்ளே அடித்தது. அடுப்பு குபுக்கென்று நீலமானது.

சன்னலை அவர் மறுபடி சாத்தவில்லை. ஆனால் அந்தக் காற்று எங்கள் மேல் நேராகப் படவும் அவர் விடவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு, திறந்த இடத்துக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டார். ரவிக்கையும் தலைமுடியும் நனைந்து முதுகோடு ஒட்டின.

"உள்ள வாங்க மாமி, நனையுதியள."

"நீ கொச்சைப் பாரு பிள்ளே. எனக்கு ஒண்ணும் இல்ல."

சாயங்கால வாக்கில் குழந்தையின் வாய் அசைந்தது. பாலைப் பஞ்சில் நனைத்து வைத்தேன். முதலில் வழிந்தது. அடுத்த தடவை பஞ்சு என் விரலிலிருந்து இழுபட்டது. மாமியிடம் சொல்லத் திரும்பினேன். பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டே, "இழுக்குதா? இழுக்குதாட்டி?" என்று அவர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார்.