சவுண்டை நிறுத்தியவர்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், தாம்பரத்தில் எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு மைக் செட் போட்டவர் ஒல்லியான மனிதர். ஒவ்வொரு மைக்கையும் துணியால் துடைத்துத்தான் பாடுபவர் கையில் கொடுப்பார்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் குடித்துவிட்டு மேடையேறி, பாடிக்கொண்டிருந்த எங்கள் குழுப் பாடகி அக்காவின் கையைப் பிடித்து ஆட இழுத்தான்.

"சிரிச்சுக்கினே பாடும்மா" என்று கிசுகிசுத்தார் எங்கள் குழுத் தலைவர். நானும் கீபோர்டை நிறுத்தவில்லை.

மைக் செட்காரர் மொத்த சவுண்டையும் அணைத்தார்.

"இன்னாய்யா பண்றே?" என்று தலைவர் சீறினார்.

"அவன் கீழ எறங்கட்டும் சார். அப்பால போடறேன்."

மண்டபமே திரும்பிப் பார்த்ததும் அவன் இறங்கிப் போனான்.

அடுத்த கச்சேரிக்கு வேறு மைக் செட்காரர் வந்திருந்தார். "அந்தாளுக்கு அனுசரிச்சுப் போகத் தெரியல" என்றார் தலைவர். அக்கா என்னைப் பார்த்தார். நான் கீபோர்டின் பக்கம் திரும்பி முதல் பாட்டை வாசித்தேன். தலைவரை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. என்னை நினைத்தால் அதைவிட அதிகமாக.