உறையாத கிண்ணம்

தயிர் ஆலையில் அவளை எல்லோரும் உறைமோர் அக்கா என்றே கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருடமாக ஒரே வேலை. வந்து நிற்கும் ஒவ்வொரு லாரிப் பாலிலும் ஒரு கிண்ணம் எடுத்து, காய்ச்சி ஆற்றி, உறைமோர் விட்டு, வெந்நீர்த் தொட்டியில் வைப்பாள். உறைந்தால்தான் பதிவேட்டில் கையெழுத்து. அது விழுந்தால்தான் பெரிய தொட்டிக்குக் குழாய் திறக்கும். பெற்ற அப்பனுக்கே அவளிடம் சலுகை கிடையாது.

அன்று வந்தது முதலாளியின் மச்சான் பண்ணைப் பால். மச்சானும் லாரியோடு வந்திருந்தார். பக்கத்தில் இருந்த முந்தைய லாரிக் கிண்ணம் கட்டியாக உறைந்த பிறகும் இது தண்ணீராய் ஆடியது.

“உன் உறைமோர் கெட்டிருக்கும். போடும்மா கையெழுத்தை,” என்றார் முதலாளி.

“ரெண்டுக்கும் ஒரே உறைமோர்தான் முதலாளி. மாட்டுக்கு ஊசி போட்டிருக்காங்க. மருந்து பால்ல இறங்கியிருக்கு.”

“மாடு குத்துக்கல்லாட்டம் நிக்குது! அதைக் கொல்லாத மருந்தா உன் மோரைக் கொல்லும்?”

வந்ததே கோபம் அவளுக்கு.

“கொல்லும்! மோர்ல இருக்கறது கண்ணுக்குத் தெரியாத உயிர். உள்ளே எப்பவும் தண்ணி முட்டிக்கிட்டே இருக்கும். சுத்திச் சுவர் இருக்கறதாலதான் வெடிக்காம பிழைக்குது. சுவர் இருந்தாத்தான் சித்திரம்னு சும்மாவா சொன்னாங்க? வளர வளர அந்தச் சுவரைப் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டணும். இந்த மருந்து கொத்தனார் கையைக் கட்டிப் போட்டுடும். பிரிச்சது பிரிச்சபடி நிக்கும், தண்ணி பாயும், பட்டுனு வெடிச்சுடும். மாட்டு உடம்புல அந்தச் சுவரே கிடையாது. இல்லாததை மருந்து என்ன பண்ணும்?”

“காய்ச்சினா போயிடும்.”

“காய்ச்சித்தானே உறை விட்டேன்! இதைக் கலந்தா தொட்டியில இருக்கற மொத்தப் பாலும் பாழ்.”

“போடு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே.”

வீட்டில் படுத்த படுக்கையாகக் கணவன், படிக்கிற இரண்டு பிள்ளைகள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் உறைந்த கிண்ணத்தை எடுத்து, பதிவேட்டுக்கு மேலே தலைகீழாகப் பிடித்தாள். தயிர் அசையவில்லை. அடுத்து மச்சான் பால் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். பதிவேட்டை நனைத்து, முதலாளியின் வெள்ளைச் சட்டைவரை ஓடியது பால்.

“மச்சானோ மாமனோ, நான் போட மாட்டேன். நீங்க போடுங்க.”

பேனாவை நீட்டினாள். முதலாளி வாங்கி, மூடியைக் கழற்றி, மச்சானைப் பார்த்தார். மச்சான் லாரி டயரைப் பார்த்தபடி முனகினார்: “நாலு மாட்டுக்கு மடிவீக்கம். ஊசி போட்டு ரெண்டு நாள்தான் ஆகுது.”

முதலாளி பேனாவை மூடினார்.

அவள் கிண்ணங்களைக் கழுவ எடுத்துக்கொண்டாள். “வண்டியைத் திருப்புங்க,” என்றாள் மச்சானிடம். “பின்னாடி அடுத்த லாரி நிக்குது.”