தாம்பாளத்தில் ஒரு படையெடுப்பு

ரயில் மாதிரி நிற்காமல் பேசுகிறேன் என்று சொல்லித்தான் முதல் மாதிரிப் பாடத்தில் என்னைத் தோற்கடித்தார்கள். சித்தூர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இரண்டாவது வாய்ப்பு ஒன்று உண்டு. அதிலும் போனால் இன்னொரு வருடம் அதே பெஞ்சு. எனக்கோ உடனே ஒரு வகுப்பறை வேண்டும்.

கிடைத்த பாடம், ஸ்பெயின் ராஜா இங்கிலாந்தைப் பிடிக்க அனுப்பிய கப்பற்படை. பேச்சைக் குறைக்க வழி கண்டுபிடித்தேன்: தாம்பாளத்தில் தண்ணீர், கப்பல்களுக்கு வேர்க்கடலை, புயலுக்கு விசிறி. வறுத்த கடலையாக வாங்கியதுதான் பிசகு.

தமிழ்வழி வகுப்புப் பிள்ளைகள் தாம்பாளத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். பின்னால் தேர்வாளர், தெலுங்குக்காரர். இங்கிலாந்து கொளுத்தி அனுப்பிய கப்பல்களுக்குப் பயந்து ஸ்பெயின் படை கலைந்ததைச் சொல்லிவிட்டு விசிறியை எடுத்தேன். பாதிக் கப்பலைக் காணோம்.

"இவன் துன்னுட்டான் டீச்சர்."

"நான் ரெண்டுதான். அவ மடியில பாருங்க, ஒரு படையே கீது."

தேர்வாளர் ஏதோ குறித்துக்கொண்டார். என் வாய் மறுபடி ரயிலாயிற்று. "மிச்சக் கப்பல் ஊருக்குத் திரும்பிச்சு. ஸ்பெயின் விழுந்தது, இங்கிலாந்து எழுந்தது" என்று ஓடி முடித்தேன்.

மடியில் கடலை வைத்திருந்த நகரி ஊர்ப் பக்கத்துப் பெண் நிமிர்ந்தாள். "தோத்தவங்க ஊருங்க யாருக்குப் போச்சு டீச்சர்? எங்க நைனா தெனம் பேப்பர் பாத்துக்கினு கீறாரு, இந்த எல்லைத் தகராறுல எங்க ஊரு ஆந்திராவா மெட்ராசான்னு."

பலகையில் நான் வரைந்திருந்த ஐரோப்பாவைப் பார்த்தேன். ஒரு கோடும் நகர்ந்திருக்கவில்லை. அவசரத்தில் தப்பாக முடித்திருக்கிறேன்.

"ஒரு ஊரும் போகலம்மா" என்றேன், மெதுவாக. "ஸ்பெயின் மறுபடி கப்பல் கட்டிச்சு. சண்டையும் பல வருஷம் நடந்தது. ஆனா ஸ்பெயினை எதிர்த்துப் போராடிக்கினு இருந்த ஹாலந்துக்காரங்களுக்குத் தெம்பு வந்தது. தன் நாட்டுலயே ஸ்பெயின் தயவுல ஆடின பிரபுக்களைக் கண்டு ஒடுங்கிக் கெடந்த பிரான்சு ராஜாவும் துணிஞ்சாரு."

"ஊரு அங்கயே இருந்துச்சு, பயம்தான் போச்சு" என்றாள்.

"ஆமா."

"நைனாகிட்ட சொல்றேன்."

தேர்வாளர் எழுந்து என்னிடம் வந்தார். "அம்மாயி, அந்தப் பொண்ணு கேட்டப்புறம்தான் நீ நிதானமா பேசினே. அதுக்கு பாஸ்." பிறகு அவளிடம் குனிந்தார். "கப்பல் ஏதாவது மிச்சம் உந்தா?"

அவள் மடியிலிருந்து பெரியதாக ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தாள். எனக்கும் ஒன்று.