மூன்று வாக்கியங்களில் ஒரு பொய்

தொண்ணூறுகளில் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினேன். பெங்களூரில் வேலை தேடுகிறவர்கள்தான் மாணவர்கள். இரண்டு மாதம் இலக்கணமாகவே நடத்தினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் பாடத்துக்கு முன் சும்மா ஒரு விளையாட்டு வைத்தேன். ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். அதில் ஒன்று பொய். அதை நான் கண்டுபிடிப்பேன்.

அதுவரை பேசியே இராத செல்வி எழுந்தாள்.

"ஐ ஹேவ் த்ரீ பிரதர்ஸ். ஐ கேன் டிரைவ் எ லாரி. ஐ லைக் திஸ் கிளாஸ்."

"லாரிதான் பொய்!" என்றேன், பெருமையாக.

"இல்ல சார். எங்கப்பா லாரிய நான் ஓட்டுவேன். அண்ணனுங்களும் மூணு பேருதான்."

மிச்சமிருந்த வாக்கியம் புரிந்ததும் எனக்கு முகம் சுட்டது.

"கோச்சுக்காதீங்க சார். நீங்களே பேசிகினு இருந்தா நாங்க எப்போ பேசறது? அடுத்த வாரம் எனக்கு இன்டர்வியூ."

என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. சாக்பீஸை வைத்துவிட்டு அவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். அன்று முழுக்க அவர்கள்தான் பேசினார்கள். அடுத்த வாரம் செல்விக்கு வேலையும் கிடைத்தது.

அந்த மூன்று வாக்கியங்களிலும் ஒரு பிழைகூட இல்லை என்பது விளையாட்டு நடந்த அன்று வீட்டுக்கு நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு ஆங்கிலமே வராது என்றல்லவா நினைத்திருந்தேன்!