நிறுத்திய மாத்திரைகள்

அந்த மழையில் எங்கள் அம்பத்தூர் தெருவில் மூன்று நாள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சாக்கடையும் சேர்ந்த தண்ணீர். என் கணவர் பக்கத்துப் பாடியில் ஒரு பட்டறையில் லேத் வேலை செய்துவந்தார். பித்தவெடிப்புக் காலோடு அதில் இறங்கித்தான் வேலைக்குப் போய் வந்தார்.

ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல். கெண்டைக்காலைத் தொட்டாலே கத்தினார். தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு, "எலிக் காய்ச்சலா இருக்கும்மா. எலி மூத்திரம் கலந்த தண்ணியில நடந்திருக்காரு" என்று ஏழு நாளைக்கு மாத்திரை கொடுத்தார். நடுவில் நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

மறுநாளே அவர் கண் மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் காமாலை என்றால் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் மருந்தைத் தொட மாட்டோம், ஈரல் கெட்டுவிடும் என்பார்கள். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! மாத்திரையைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தேன். சோற்றில் உப்பைக்கூட நிறுத்தினேன்.

"இன்னாமே, நிறுத்தக் கூடாதுன்னாரே டாக்டரு?" என்றார்.

"அவரு பாக்கும்போது கண்ணு மஞ்சளாவா இருந்துச்சி? பேசாம குடி."

குடித்தார். என் பேச்சைத் தட்டாத மனுஷன். நாலாம் நாள் சிறுநீர் இறங்கவில்லை, மூச்சும் வாங்கியது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அங்கிருந்த டாக்டரம்மா மருந்துச் சீட்டைப் பார்த்தார். "எலிக் காய்ச்சல் முத்தினாலும் கண்ணு மஞ்சளாகும். அப்பதான் விடாம வைத்தியம் பண்ணணும். கிட்னி ரெண்டும் போயிருக்கு. மாத்திரைய யார் நிறுத்தினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் படுக்கையிலிருந்து அவர் சொன்னார்: "நாந்தாம்மா. வவுத்தப் பெரட்டுதுன்னு உட்டுட்டேன்."

படிக்காதவர்கள்கூட இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று அந்த அம்மா அவரைத் திட்டினார். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் போய்ச் சேர மேலும் மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளிலும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், "மாத்திர போட மாட்டேன்னு அடம் புடிச்சே போய்ட்டான். இவ எவ்ளோ கெஞ்சியிருப்பா, பாவம்" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். இல்லை அத்தை என்று இன்றுவரை சொல்லவில்லை.