பச்சை நூல் தைத்த செருப்பு

குருநகரில் கிழிந்த வலை பொத்துகிற கனிசியசுக்குப் பயம் கூடப்பிறந்தது. இருபத்துநாலு வயதுக் கழுதை, சைக்கிள் டியூப் வெடித்தாலும் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். "உவன் தன்ரை நிழலுக்கும் வழிவிட்டு நடக்கிறவன்" என்று ஊர் சிரிக்கும்.

எண்பத்தெட்டு மார்கழியில் பங்கு இளைஞர் மன்றத்துக்குச் சுவாமி ஒரு விளையாட்டு வைத்தார். எல்லாருடைய பெயரையும் துண்டில் எழுதிப் பால்மாப் பேணிக்குள் போட்டுக் குலுக்கினார். "உங்களுக்கு ஆரின்ரை பேர் வருதோ, அந்த ஆளுக்கு பாலன் பிறக்கிற நத்தார் வரைக்கும் தெரியாமல் நல்லது செய்யவேணும். நத்தாரண்டு எழும்பிச் சொல்லலாம்."

கனிசியசுக்கு வந்த பெயர் அடைக்கலநாதன். ஐஸ் பெட்டி சுமக்கிற வாயாடி. 'பயந்தாங்கொள்ளி' என்று கனிசியசுக்குப் பட்டம் வைத்ததே அவன்தான். வேறை ஆள் கிடைக்கேல்லையோ மாதாவே!

ஆனாலும் விளையாட்டு விளையாட்டுத்தானே. எல்லாரும் கோயிலுக்குள்ளே செபமாலை சொல்ல, கனிசியஸ் வாசலில் குந்தியிருந்து அடைக்கலத்தின் அறுந்த செருப்பு வாரைப் பச்சை வலைநூலால் தைத்துவிட்டான். கடைசியில் தன் வழக்கமான இரட்டை முடிச்சு.

நாலாம் நாள் சாவகச்சேரிக்குப் போன அடைக்கலம் திரும்பி வரவில்லை. வீதிச் சோதனைச் சென்றியில் இந்தியன் ஆமி பிடித்துவிட்டதாம். தாய் அருமைநாயகி காம்ப் காம்பாக அலைந்தா.

அடுத்த கிழமை விடியமுன்னம் சுற்றிவளைப்பு. ஆமிக்காரர் ஆம்பிளைகள் எல்லாரையும் மைதானத்துக்கு மாடுகளைப்போலச் சாய்த்துப் போனார்கள். நடுவே ஒரு கதிரை. அதில் ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி, சாக்கால் தலையை மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்கவேண்டும். தலை ஆடினால் ட்ரக். ஏற்கெனவே இரண்டு பேர் ஏறிவிட்டார்கள்.

கனிசியசின் முறை வந்தது. மற்றவர்கள் சாக்குக்குள் தெரிந்த கண்ணைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். அவனுக்கு அந்தத் தைரியம் எங்கே? நிலத்தைப் பார்த்தான், தலையாட்டியின் செருப்பு தெரிந்தது.

பச்சை நூல். இரட்டை முடிச்சு.

அட பாவி, நீயோ! கோபந்தான் முதலில் வந்தது. பின்னாலேயே பயம் வந்தது. போன மாதம் காயப்பட்ட ஒரு இயக்கப் பொடியனைக் கனிசியஸ் சைக்கிளில் ஏற்றிப்போனதை அடைக்கலம் கண்டவன். ஒரு தரம் தலையை ஆட்டினால் சரி, கதை முடிந்தது.

அப்போதுதான் கால்விரல்களைக் கண்டான். வீங்கிக் கிடந்தன. நகங்கள் இல்லை. ஐயோ, என்ன செய்து இவனைக் கொண்டுவந்து இருத்தினாங்கள்?

பின்னால் எண்பது பேர் வருகிறார்கள். ஒருத்தன் குனிந்து பார்த்தாலும் அது ஆருடைய செருப்பென்று பிடித்துவிடுவான். பிறகு அடைக்கலம் வெளியில் வந்தாலும், துரோகியென்று இயக்கம் சுட்டு மின்கம்பத்தில்தான் முடிவான். தாய் அந்தத் தெருவில் இருக்கேலாது.

கனிசியஸ் விழுந்தான். நடிக்கவும் தேவையில்லை, கால் தானாக மடிந்தது. விழுந்த வாக்கில் இரண்டு கையாலும் மணலை இழுத்து அந்தக் காலை மூடினான். முதுகில் ஆமிக்காரனின் துவக்குப்பிடி இறங்கியது. எழும்பினான். சாக்கின் ஓட்டைக்குள் இரண்டு கண்ணும் நிறைந்திருந்தன. தலை ஆடவில்லை.

நத்தாரண்டு மன்றத்தில் ஒவ்வொருவராக எழும்பி, தாங்கள் ஆருக்கு என்ன செய்தோம் என்று சொன்னார்கள். அடைக்கலத்துக்கு மட்டும் ஆரும் எழும்பவில்லை. முன்வரிசை வாங்கில் இருந்த அருமைநாயகி திரும்பிப் பார்த்தா.

"என்ரை பிள்ளையின்ரை பேர் ஆருக்கு வந்தது? அவனுக்கு ஆரும் ஏதும் செய்தவையோ?"

கனிசியசின் சட்டைப்பையில் அடைக்கலத்தின் பெயர்த் துண்டு வியர்வையில் நனைந்து கிடந்தது. செருப்பு என்று வாயெடுத்தால், அண்டைக்குத் தன்னை முந்தி நடந்த எவனாவது அந்தத் தையலைக் கண்டிருந்தால்? தலையாட்டி ஆரென்று இப்ப விளங்கிவிடும்.

"கனிசியஸ் தம்பி, உமக்கோ?"

"இல்லை மாமி."

"என்ரை பிள்ளையை ஒருத்தரும் நினைக்கேல்லை" என்று அழுதுகொண்டே போனா. கேட்டுக்கொண்டு நின்ற கனிசியசுக்கு முதுகில் வாங்கிய அடி ஒன்றுமில்லை என்றானது.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் அருமைநாயகியின் செருப்பு வார் பிய்ந்து கிடந்தது. பூசை முடியமுன்னம் கனிசியஸ் அதைத் தைத்தான். கறுப்பு நூலால், எல்லாரும் போடுகிற முடிச்சுப் போட்டு.